மனச்சிதைவு உள்ளவரின் குடும்பத்தினர் கூடிப் பேசும் குழு திருச்சிப் பக்கம் உண்டா?

காவிரிக்கரை (முசிறி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முசிறிக்கு அருகில் ஒரு கிராமத்தில் அம்மாவுடனும் தம்பியுடனும் வசிக்கிறேன். தம்பிக்கு 29 வயது. டிப்ளமோ முடித்து வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், 7 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, விடுதியில் இருப்பவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் உறங்காமல் உட்கார்ந்திருந்தான். மனச்சிதைவு என்று மருத்துவர் சொன்னபோது அந்தச் சொல்லையே நாங்கள் முதன்முறையாகக் கேட்டோம். இப்போது அரசு மருத்துவமனையில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறோம். குரல்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆனால் குளிப்பதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, நாள் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

நான் கேட்க வந்தது சிகிச்சை பற்றியதன்று. இதே நிலையில் இருக்கும் குடும்பத்தினர் நேரில் கூடி, தமிழில், மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் குழு ஏதேனும் திருச்சி, முசிறி, துறையூர்ப் பக்கம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இந்தத் தேவை எனக்கு எப்படிப் புரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயின் தொடக்கத்தில் அம்மா வேண்டிக்கொண்டதால் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கினோம். மருத்துவர் எழுதிய மாத்திரையையும் அங்கே தொடர்ந்து கொடுத்தோம். உச்சிக்காலப் பூஜையில் முகத்தில் தெளிக்கும் தீர்த்தத்துக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்திலிருந்த ஒரு பெண் தன் கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, “உங்க வீட்டிலும் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாங்களா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அன்று அழுததைப் போல அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை. அந்த 48 நாளும் நாங்கள் தனியாக இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, சொந்தக்காரர்களிடம்கூட “அவனுக்கு உடம்பு சரியில்லை” என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல முடிவதில்லை.

சென்ற மாதம் அம்மா துளசி மாடத்து மண்ணைக் கிளறியபோது, பாதி கரைந்த வெள்ளை மாத்திரைகள் 11 கிடைத்தன. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அம்மா அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இணையத்தில் “சுயஉதவிக் குழு” என்று தேடினால் மகளிர் சேமிப்புக் குழுக்களின் கடன் விவரங்கள்தாம் வருகின்றன. ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். இரண்டாம் நாளே ஒருவர், எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டுத் தாம் விற்கும் சூரணத்தை ஒரு மண்டலம் கொடுக்கச் சொன்னார். வெளியேறிவிட்டேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் அம்மா எழுதியது:

மகளே, என் மகனுக்கு இந்த நோய் வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. துளசி மாடம் என்று படித்ததும் என்னால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அது ஜன்னல் கம்பிக்குக் கீழே இருந்த கூலரின் தண்ணீர்த் தொட்டி.

சென்னையில் இதற்கு நெடுநாளாகவே இடம் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. குடும்பங்களுக்கு நோயைப் பற்றி விளக்கிச் சொல்வது அவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பணி. நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து 1989-இல் உருவாக்கிய ஆஷா என்ற அமைப்பும் இந்த நகரத்தில்தான் பிறந்தது. உன் ஊருக்கு இவை தொலைவு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் தொலைபேசியில் அழைத்து, திருச்சி வட்டாரத்தில் யாரையாவது தெரியுமா என்று கேட்பதில் தவறில்லை. ஸ்கார்ஃப் உன் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் கிராமங்களுக்குப் பேருந்தில் தொலைமருத்துவ வசதியைக் கொண்டுசென்று பணியாற்றிய நிறுவனம். அந்தப் பகுதியில் பழக்கமுள்ளவர்கள் அவர்களிடம் இருப்பார்கள். மதுரைக்குப் போக முடிந்தால், 1992 முதல் மனநலப் பணி செய்துவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையையும் கேட்டுப் பார்.

குழுவில் என்னதான் நடக்கும் என்று நீ நினைத்துப் பார்த்திருப்பாய். நான் போகும் கூட்டத்தில் வட்டமாக நாற்காலிகள் போட்டிருக்கும். முதல் ஒரு மணி நேரம் மருத்துவர் யாரும் உள்ளே வருவதில்லை. யார் வேண்டுமானாலும் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். நான் முதல் மூன்று கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. நான்காவதில், “என் பையன் சோம்பேறியாகிவிட்டான், குளிக்கவே மாட்டேன் என்கிறான்” என்று சொன்னேன். எதிரே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, அது சோம்பல் இல்லை, குரல் கேட்பதைப் போலவே அதுவும் நோயின் ஒரு பகுதி, மாத்திரை குரலை அடக்கும் அளவுக்கு இதை எளிதில் அசைக்காது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு தம் வீட்டில் செய்வதைச் சொன்னார்: “குளி” என்ற சொல்லையே அவர் சொல்வதில்லை, வெந்நீர் விளாவி, துண்டையும் மாற்றுத் துணியையும் குளியலறைக் கொடியில் போட்டுவிட்டு, “தண்ணி ஆறுது” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. நானும் அதைச் செய்து பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் என்பது நான்கு நாளானது. ஆண்டுக்கணக்கில் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று அன்று எனக்கு ஏற்பட்ட வேதனையை எழுத்தில் சொல்ல முடியாது. வீட்டில் இடைவிடாத குற்றச்சாட்டும் கடுஞ்சொல்லும் இருந்தால் நோய் மீண்டும் தலைதூக்க வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மாத்திரையைத் துப்புவதற்கும் கோபப்படாதே. அவனுக்கு அதனால் கை நடுக்கமோ, எடை கூடுவதோ, உள்ளே ஒரு தவிப்போ இருக்கலாம், கேட்டுப் பார். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி அவனுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் பேசு. அதுவும் அவன் சம்மதத்தோடுதான்.

அப்பாக்கள் வருவது கடினம். ஒருவர் நான்கு மாதம் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தார். மழை பெய்த ஒரு நாள் உள்ளே வந்தவர்தான் இன்று எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

மனநலச் சமூகப் பணியாளர் எழுதியது:

வேறொரு மாவட்டத்தின் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். சகோதரியின் கேள்விக்கு நடைமுறை சார்ந்து பதில் சொல்ல முயல்கிறேன்.

பெயர்ப்பலகை வைத்த குழுவைத் தேடினால் சிறு நகரங்களில் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் குழுவாகக்கூடிய மக்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் அவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் அந்த நாளைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இத்திட்டம் 1990-களின் பிற்பகுதியில் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டமே திருச்சிராப்பள்ளிதான். ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மருந்து வாங்கியதும் பேருந்தைப் பிடிக்க ஓடும் அந்தக் குடும்பங்களில் மூன்று சேர்ந்தால் போதும்.

முதலில், அந்த மனநலக் குழுவில் இருக்கும் சமூகப் பணியாளரிடமோ உளவியலாளரிடமோ, “குடும்பத்தினர் கூட்டம் நடத்துகிறீர்களா?” என்று நேரடியாகக் கேளுங்கள். “உதவி கிடைக்குமா” என்று பொதுவாகக் கேட்டால் அவர்கள் ஆலோசனையைப் பற்றியே சொல்வார்கள். கூட்டம் இல்லையென்றால், “என்னைப் போல் பேச விரும்பும் குடும்பம் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், என் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மற்றவர்களின் எண்ணை அவர் உங்களுக்குத் தர மாட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை மறைவாக வைத்திருக்கும் கடமையை எங்கள்மேல் சுமத்தியிருக்கிறது. உங்கள் எண்ணை மற்றவரிடம் கொண்டுசேர்ப்பதில் அந்தத் தடை இல்லை. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் இதையே செய்யுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட சேவை அது. உங்கள் மாவட்டத்தில் எந்த நாளில் எங்கே மனநல மருத்துவர் வருகிறார் என்பதையும் அவர்களிடம் கேட்கலாம்.

இருக்கிற குழுவில் சேருவதாக இருந்தால், சிலவற்றைக் கண்டு ஒதுங்குங்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவர், எதையாவது விற்பவர், முதல் நாளே ஆதார் நகலையும் பணத்தையும் கேட்பவர், கூட்டத்தில் புகைப்படம் எடுத்து முகநூலில் போடுபவர் ஆகியோர் நடத்தும் இடம் உங்களுக்கானது அன்று. சிற்றூரில் ஒரு புகைப்படம் போதும், ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோவதற்கு.

நீங்களே தொடங்குவதாக இருந்தால், யார் வீட்டிலும் கூடாதீர்கள். அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விக்கு அந்த வீட்டார் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். மருந்து வாங்கும் நாளிலேயே மருத்துவமனை வளாகத்தில் கூடினால், தனியாக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. நகரப் பேருந்துத் தடம் ஓடும் ஊர் என்றால் பெண்கள் கட்டணமில்லாமல் வந்துபோகலாம். இதைச் சிறிய செய்தியாக எண்ணாதீர்கள், அம்மாக்கள் வருவதும் வராமல் போவதும் பல ஊர்களில் இதைப் பொறுத்தே இருக்கிறது. இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது, ஒருவருக்கு எழுதிய மருந்தின் அளவை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்ற இரண்டு விதிகள் தொடக்கத்துக்குப் போதும்.

முதல் கூட்டத்தில் என்ன பேசுவது என்று தயங்கினால் மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பற்றிப் பேசுங்கள். கையில் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி இருந்தால் மற்றவை தாமாக வரும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளுள் மனநோயும் ஒன்று. தன்னைப் பராமரித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கிலும் எவ்வளவு தடை இருக்கிறது என்பதோடு நோயின் காலத்தையும் சேர்த்து ஐடியாஸ் என்ற அளவுகோலால் மதிப்பிடுவார்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அரசின் பல உதவிகளுக்குத் தகுதி உண்டு. மதிப்பீட்டுக்குப் போகும்போது, “நல்லாத்தான் இருக்கான்” என்று வெட்கத்தால் சொல்லிவிட்டு வரும் குடும்பங்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

குழு தாங்க முடியாத சுமையும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வீட்டில் எழுந்தால் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 தவிர, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050 என்ற எண்ணிலும் பேசலாம். பராமரிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் வந்தாலும் அழையுங்கள். அது பலருக்கு வருகிறது, சொல்வதில்லை.

லித்தியம் 900 எழுதியது:

எனக்கு இருமுனையக் கோளாறு, அதாவது அளவுமீறிய எழுச்சியும் கடுஞ்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். 12 ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொள்கிறேன், இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனையையும் தவறாமல் செய்துகொள்கிறேன், வேலைக்கும் போகிறேன். நோய் உள்ளவன் என்ற இடத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அக்கா, நீங்கள் தம்பியைப் பற்றி வெளியாரிடம் பேசப் போவது தம்பிக்குத் தெரியுமா? என் வீட்டார் என்னைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியதை, அங்கே வந்திருந்த ஒருவர் வழியாகவே நான் அறிந்தேன். எனக்கு நோய் கடுமையாக இருந்த நாளில் நான் செய்தவை எல்லாம், எனக்கே முழுதாக நினைவில்லாதவை, முன்பின் தெரியாத பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தன. ஏறத்தாழ ஓராண்டு நான் அவர்களோடு சரியாகப் பேசவில்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தாங்க முடியாமல்தான் பேசினார்கள் என்பது இப்போது புரிகிறது. ஆனால் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன்.

குடும்பத்தினர் கூடும் இடமும் நோய் உள்ளவர்கள் கூடும் இடமும் தனித்தனியாக இருப்பது நல்லது. அம்மா பக்கத்தில் இருந்தால் நாங்கள் பேசுவது வேறாகிவிடும். நேரம் வரும்போது தம்பிக்கும் அப்படி ஓர் இடத்தைத் தேடிக் கொடுங்கள். குரல் கேட்பதைப் பற்றி, அதைக் கேட்ட இன்னொருவனிடம் பேசும்போது கிடைக்கும் நிம்மதி தனி. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பணியாளர் ஐயா எழுதியிருந்தார். அதே சட்டத்தின்படி, நோய் முற்றும் காலத்தில் தன் சார்பில் முடிவெடுப்பதற்கு ஒருவரைத் தம்பியே முன்கூட்டி நியமித்து எழுதி வைக்கலாம். அவன் தெளிவாக இருக்கும் நாளில் அதைப் பற்றிப் பேசுங்கள். தன்னைக் கேட்கிறார்கள் என்பதே அவனுக்குப் பெரிதாக இருக்கும்.

குளித்தலைக்காரர் எழுதியது:

வணக்கம் சகோதரி. நாங்கள் குளித்தலை. பாலம் தாண்டினால் முசிறி. எங்கள் மகளுக்கு 24 வயது, இதே நோய். மாவட்டம் வேறு என்பதால் மருந்து வாங்கும் இடம் வேறு. ஆனால் நீங்கள் எந்த நாள் சொன்னாலும் நானும் என் மனைவியும் வருகிறோம். தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன்.

காவிரிக்கரை (முசிறி) எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

முதலில் தம்பியிடம் கேட்டேன். இதே போன்ற குடும்பங்களோடு நானும் அம்மாவும் உட்கார்ந்து பேசப் போகிறோம், உன்னைப் பற்றியும் பேச்சு வரும், உனக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்றுதான் நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே வெகுநேரம் படுத்திருந்துவிட்டு, “பேசிக்கோங்க. அந்த ஒரு நாளைப் பத்தி மட்டும் சொல்லாதீங்க” என்றான். எந்த நாளைச் சொல்கிறான் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அங்கும் அதைச் சொல்லவில்லை, இங்கும் எழுதவில்லை. 7 ஆண்டுகளில் தன் நோயைப் பற்றி அவனாக எங்களிடம் சொன்ன முதல் வாக்கியம் அது.

மாத்திரையைப் பற்றியும் திட்டாமல் கேட்டேன். அதைப் போட்டால் உட்கார முடியவில்லை, கால் தானாக ஆடுகிறது என்றான். மருத்துவர் கேட்டுவிட்டு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்ல அவனுக்கு இத்தனை நாள் நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

குழு ஏற்கெனவே எதுவும் இல்லை என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் ஒரே ஒருவர் அழைத்தார். தொட்டியம் பக்கத்துப் பெரியவர், 70 வயதைத் தாண்டியவர், மனைவிக்காக 30 ஆண்டுகளாக மருந்து வாங்கி வருகிறார். போன மாதம் மருந்து வாங்கும் நாளில், மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கும் புங்க மரத்தடித் திட்டில், குளித்தலைத் தம்பதி, அந்தப் பெரியவர், நான், அம்மா என்று ஐந்து பேர் உட்கார்ந்தோம். சான்றிதழைப் பற்றித்தான் பேசத் தொடங்கினோம். கால் மணி நேரத்துக்குள் அம்மா துளசி மாடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே, தம் வீட்டில் அது அரிசிப் பானை என்றும், சோற்றில் கடிபட்ட பிறகுதான் தமக்குத் தெரிந்தது என்றும் சொன்னார். அம்மா சிரித்தார். பிறகு குளித்தலை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியவருக்கு 2 மணிப் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்து வரும்வரை நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பெரியவர் காலையில் சமைத்து வைத்துவிட்டு வருவதாகவும், தாம் திரும்பும்வரை மனைவி சாப்பிடாமல் இருப்பதாகவும் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அவர்கள் இருவருக்கும் சேர்த்து எலுமிச்சைச் சோறு கட்ட வேண்டும் என்று அம்மா இப்போதே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். துறையூர், தொட்டியம், தாத்தையங்கார்பேட்டை, குளித்தலைப் பக்கம் இருப்பவர்கள் வர விரும்பினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நாளையும் நேரத்தையும் அதில் சொல்கிறேன். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.